ஒட்டி முடித்த மாடலைப் பிரைமருக்கு முன் எப்படிச் சுத்தம் செய்வது?

புது இறக்கை:

எல்லோருக்கும் வணக்கம். ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1/72 அளவு ஸ்பிட்ஃபயர் எம்கே 1ஏ போர் விமான பிளாஸ்டிக் மாடல் கிட்டை ஒட்டி முடித்திருக்கிறேன். உடல், இறக்கை, வால் எல்லாம் சேர்ந்துவிட்டது. உடலின் நடு இணைப்பிலும் இறக்கை வேரிலும் புட்டி வைத்து உப்புத்தாள் போட்டாயிற்று. காக்பிட்டுக்குள் டாமியா அக்ரிலிக் அடித்து, மேலே கண்ணாடி மூடியையும் ஒட்டிவிட்டேன். அடுத்து பிரைமர், அதாவது பெயிண்ட்டுக்கு அடியில் போகும் முதல் பூச்சு. அதன்மேல் 1940 கால டார்க் எர்த், டார்க் கிரீன் கேமஃப்ளாஜ், அடியில் ஸ்கை நிறம்.

பெயிண்ட் அடிக்கும் முன் பிளாஸ்டிக்கைக் கழுவ வேண்டும் என்று பல இடங்களில் படித்தேன். ஆனால் அவர்கள் சொல்வதெல்லாம் பெட்டியைத் திறந்ததும் ஸ்ப்ரூவோடு (பாகங்கள் இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டம்) கழுவுவதைப் பற்றித்தான். கிட் வாங்கிய இடத்தில், புது கிட்டுக்கு அது தேவையே இல்லை என்றார்கள். இப்போது ஒட்டி முடித்த பிறகு கழுவலாமா? தண்ணீரில் முக்கினால் சக்கரக் குழி வழியாக உள்ளே போய்விடுமே? கேமஃப்ளாஜுக்காக மாஸ்கிங் டேப் (பெயிண்ட் படாமல் மறைக்கும் டேப்) ஒட்டி உரிக்கும்போது பெயிண்ட்டும் சேர்ந்து வந்துவிடக் கூடாது, அதுதான் என் கவலை. வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதால் வாடை குறைந்த, தண்ணீரில் கலந்த வலெஹோ நிறுவனப் பிரைமர் வாங்கி வைத்திருக்கிறேன். அதை ஏர்பிரஷில் (காற்றால் பெயிண்ட்டைத் தெளிக்கும் கருவி) அடிப்பதாகத் திட்டம்.

சிங்கை கன்பிளா:

வணக்கம் நண்பரே. நான் பல வருடமாக கன்பிளாதான் (கன்டம் ரோபோ மாடல்கள்) கட்டுகிறேன். பண்டாய் கிட் எதையும் கழுவியதில்லை. மிஸ்டர் சர்ஃபேசர் 1500 அடிப்பேன், அதன்மேல் லேக்கர் பெயிண்ட். டேப் ஒட்டி உரித்தாலும் ஒன்றும் ஆகாது. இன்றைய நல்ல மோல்டுகளில் ரிலீஸ் ஏஜென்ட் (பாகம் அச்சில் ஒட்டாமல் இருக்கப் போடும் பூச்சு) அநேகமாக ஒட்டியிருப்பதில்லை. நேராகப் பிரைமருக்குப் போய்விடுங்கள் என்பது என் கருத்து.

ஏர்பிரஷ் வாத்தியார்:

தம்பி சிங்கை சொல்வது அவருடைய பிரைமருக்குச் சரி. உங்கள் பிரைமருக்கு அது பொருந்தாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மிஸ்டர் சர்ஃபேசர் லேக்கர் வகை. அதில் உள்ள கரைப்பான், கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனின் மேல்தோலை லேசாக இளக்கி, அதற்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். மெல்லிய விரல் எண்ணெய் இருந்தால்கூட அதையும் கரைத்துக்கொண்டு கீழே போய் ஒட்டும். தண்ணீர் பிரைமருக்கு அந்தக் கடி கிடையாது. அது பிளாஸ்டிக்மேல் ஒரு மெல்லிய தோலாகக் காய்ந்து உட்காருகிறது, அவ்வளவுதான். நடுவில் எண்ணெய் இருந்தால் தோல் எண்ணெய்மேல்தான் உட்காரும். டேப்பை இழுத்தால் தோலோடு வரும். ஆக, தண்ணீர் பிரைமர் அடிப்பவர் சுத்தம் செய்வதைத் தாண்டிப் போகவே முடியாது.

அடுத்து, எந்த அழுக்கைப் பற்றிப் பேசுகிறோம் என்பது. எல்லோரும் பயப்படுவது ரிலீஸ் ஏஜென்ட்டைப் பார்த்து. உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். குளிர்ந்ததும் அச்சு திறக்கும், உள்ளிருக்கும் ஊசிகள் ஸ்ப்ரூவை வெளியே தள்ளும். நம் பாகங்களின் உட்புறத்தில் வட்டமாகத் தெரிகிற தடங்கள் அந்த ஊசி வைத்தவை. பாகம் அச்சில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க சில சமயம் சிலிக்கோன் அல்லது மெழுகு வகைப் பூச்சைத் தெளிப்பார்கள். பழைய, தேய்ந்த அச்சுகளிலும் சிறு நிறுவனங்கள் குறைந்த எண்ணிக்கையில் வெளியிடும் கிட்களிலும் அது பாகத்தின்மேல் தங்கியிருப்பதைக் கையில் தொட்டாலே உணரலாம். புது அச்சு கிட்களில் பெரும்பாலும் பெயருக்குத்தான் இருக்கும். உங்களிடம் உள்ள ஸ்பிட்ஃபயர் புது அச்சு என்றுதான் நினைக்கிறேன். 2010-களில் வந்த பல ஏர்ஃபிக்ஸ் பெட்டிகளில் இந்தியாவில் தயாரித்தது என்றே அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள்.

உண்மையான அழுக்கு நீங்கள் ஒட்டும்போது சேர்ந்தது. விரல் எண்ணெய், புட்டித் தூள், உப்புத்தாள் போட்ட சேறு, பசை இழை. தலையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டு முடியை ஒதுக்கிய கையால் இறக்கையைப் பிடித்தால் அதுவும் அங்கே இருக்கும். பெட்டி திறந்த அன்று எவ்வளவு கழுவியிருந்தாலும் இத்தனையும் அதற்குப் பிறகு வந்தவைதானே? என்னைக் கேட்டால் ஸ்ப்ரூ கழுவலைவிடப் பிரைமருக்கு முந்தின சுத்தம்தான் பெயிண்ட்டைக் காப்பாற்றுகிறது. நீங்கள் தாமதமாகிவிடவில்லை. சரியான நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள்.

புது இறக்கை:

மிக்க நன்றி வாத்தியார் சார். அப்படியானால் எப்படிச் செய்வது? ஐபிஏ (ஐசோபுரோப்பில் ஆல்கஹால்) கொண்டு துடைத்தால் போதுமா, சோப்பும் வேண்டுமா? காக்பிட்டில் அக்ரிலிக் இருக்கிறதே.

கோவை டாங்கி:

ஐபிஏ பாலிஸ்டைரீனை ஒன்றும் செய்யாது. ஆனால் டாமியா எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசை அக்ரிலிக்கை நன்றாகவே கரைக்கும். பெயிண்ட் உரிப்பதற்கே பலர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். காக்பிட் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

மருந்துக்கடையில் வாங்குவதாக இருந்தால் லேபிளைப் படியுங்கள். கைக்குப் போடும் சானிடைசர் ஜெல் வேண்டாம், அதில் கிளிசரின் போன்றவை இருக்கும், காய்ந்த பிறகும் படலம் நிற்கும். சர்ஜிகல் ஸ்பிரிட்டிலும் சில வகைகளில் ஆமணக்கெண்ணெய் சேர்த்திருப்பார்கள். எண்ணெயை எடுக்கப்போய் எண்ணெயைப் பூசியதாகிவிடும். ஐசோபுரோப்பில் ஆல்கஹாலும் தண்ணீரும் மட்டும் உள்ளதைத் தேடி வாங்குங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர், அசிட்டோன், லேக்கர் தின்னர், பெட்ரோல் இவை பிளாஸ்டிக்கையே தின்றுவிடும்.

ஏர்பிரஷ் வாத்தியார்:

கோவை சொன்னது அத்தனையும் சரி. ஒட்டி முடித்த விமானத்துக்கு நான் செய்கிற முறை இது.

முக்க வேண்டாம். மூடிய உடலுக்குள் போன தண்ணீர் எளிதில் வெளியே வராது. ஏர்பிரஷின் காற்று பட்டதும் இறக்கை வேரின் இடுக்கிலிருந்து ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும், அடித்த பிரைமர் அந்த இடத்தில் போச்சு. சக்கரக் குழி, மூக்குத் துளை, எக்ஸாஸ்ட் துளை எல்லாவற்றையும் சின்ன ஸ்பாஞ்சுத் துண்டால் அடைத்துவிடுங்கள்.

ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி. விம், பிரில் எது இருந்தாலும் சரி. கைக்கு மென்மை தருவதாகச் சொல்லும் லோஷன் கலந்த வகைகளையும் ஹேண்ட்வாஷையும் தவிர்க்கவும். மென்மையான பழைய டூத் பிரஷை நனைத்து, உதறி, பேனல் லைன் (தகடுகளின் இணைப்பைக் காட்டப் பொறித்த கோடு) ஓடும் திசையிலேயே தேய்க்கவும். உப்புத்தாள் சேறு காய்ந்து அந்தக் கோடுகளுக்குள் கெட்டியாகியிருக்கும். அது போகாவிட்டால் பின்னால் வாஷ் (கோடுகளுக்குள் ஓடவிடும் நீர்த்த பெயிண்ட்) போடும்போது கோடு பாதியில் அறுந்து தெரியும். ஒரு பல்குச்சியின் நுனியால் மெதுவாகக் கிளறி எடுக்கலாம், ஊசி வேண்டாம், பிளாஸ்டிக்கில் கீறல் விழும்.

பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். ஒரு தடவை போதாது, துணியை அலசி அலசித் துடைக்க வேண்டும். சோப்பு மிச்சம் இருந்தால் அதுவும் ஒரு படலம்தான். நன்றாகக் காய்ந்ததும் நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு, ஐபிஏ தொட்ட பஞ்சுக் குச்சியால் இறக்கை, உடல், வால் மட்டும் ஒரு ஓட்டம். கண்ணாடியிலிருந்து கொஞ்சம் தள்ளியே நிறுத்திக்கொள்ளுங்கள். இதைச் செய்யும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது. அதன்பிறகு வெறும் கையால் தொடாதீர்கள். புரொப்பெல்லர் துளையில் ஒரு குச்சியைச் செருகிப் பிடித்துக்கொள்ளலாம்.

பவுடர் போட்ட லேடெக்ஸ் கையுறை வேண்டாம். அந்தப் பவுடர் பிரைமருக்குள் மணலாகத் தெரியும்.

சிங்கை கன்பிளா:

வாத்தியார் சார், நீங்கள் சொன்ன வித்தியாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் லேக்கர் அடிப்பவருக்குக் கழுவல் தேவையில்லை என்பதில் நான் இன்னும் நிற்கிறேன்.

ஏர்பிரஷ் வாத்தியார்:

சிலிக்கோன் இல்லாதவரை சரி தம்பி. சிலிக்கோன் ஒரு புள்ளி இருந்தாலும் லேக்கரும் அதைவிட்டு விலகி ஓடும், நடுவில் பிளாஸ்டிக் தெரிகிற மாதிரி வட்டக் குழி விழும். ஃபிஷ் ஐ என்பார்களே, அதுதான். கார் டாஷ்போர்டு பாலிஷ், மரச்சாமான் பாலிஷ் ஸ்ப்ரே இவற்றிலெல்லாம் சிலிக்கோன் இருக்கும். அதே அறையில் யாராவது அடித்தால் காற்றில் மிதந்து மாடல்மேல் வந்து உட்காரும். கம்ப்ரசரிலிருந்து எண்ணெய் வந்தாலும் இதேதான். மாடலை எவ்வளவு கழுவியும் குழி விழுந்தால் காற்று வரும் பாதையைப் பாருங்கள்.

ரெசின் அக்கா:

இந்த இழையில் ரெசின் பற்றி யாரும் பேசவில்லையே. ஸ்டைரீன் கிட்டுக்குக் கழுவல் வேண்டுமா வேண்டாமா என்று வாதாடலாம். ரெசினுக்கு வாதமே கிடையாது, கழுவித்தான் ஆக வேண்டும்.

பாலியூரித்தேன் ரெசின் பாகங்களை சிலிக்கோன் ரப்பர் அச்சில் வார்க்கிறார்கள். அந்த அச்சு ரெசினைப் பற்றிக்கொண்டு கிழியாமல் இருக்க ரிலீஸ் ஏஜென்ட் போடுவார்கள், அது பாகத்தின்மேல் தாராளமாகவே இருக்கும். சில உருவப் பொம்மைகளைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே வழுக்கும். சோப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, டூத் பிரஷால் மடிப்பு, முடி, விரல் இடுக்கு வரை தேய்க்க வேண்டும். இது ஒட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை. சூப்பர் க்ளூவும் அந்தப் படலத்தின்மேல் சரியாகப் பிடிக்காது. ரெசினை உப்புத்தாள் போடுவதாக இருந்தால் தண்ணீர் தொட்டே போடுங்கள், முகமூடி கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல்.

3டி பிரிண்ட் செய்த ரெசின் வேறு கதை. அதில் போக வேண்டியது காயாத ரெசின். ஐபிஏவில் அலசி, காயவைத்து, பிறகு யுவி வெளிச்சத்தில் முழுதாக இறுக்க வேண்டும். பிசுபிசுப்பு இருக்கும்போது பெயிண்ட் அடித்தால் எத்தனை நாள் ஆனாலும் காயாது. காயாத ரெசினைத் தோலில் படவிடாதீர்கள், அலசிய ஐபிஏவைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

டொரண்டோ பனி:

எங்கள் ஊரில் பெரிய தொல்லை தூசி. பனிக்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுவதால் காற்று வறண்டுவிடும். காய்ந்த துணியால் மாடலைத் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி, துடைத்த இடத்திலேயே அறையில் உள்ள தூசி முழுக்க வந்து அப்பிக்கொள்ளும். ஈரத் துணிதான் தீர்வு. டாமியா ஒரு ஆன்டி ஸ்டேட்டிக் பிரஷ் விற்கிறார்கள், விலை கொஞ்சம் அதிகம், ஆனால் பிரைமருக்கு முன் கடைசியாக ஒரு தடவை வருட அதைப்போல வேறெதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு பெயிண்ட் ஊற்றாத ஏர்பிரஷால் காற்றை மட்டும் அடித்துவிட்டு நேராகப் பிரைமர்.

ஸ்ப்ரே செய்யும் இடத்தில் முன்கூட்டியே தண்ணீரைப் பூந்தூறலாகத் தெளித்தால் மிதக்கும் தூசி இறங்கிவிடும். மின் இணைப்புகள் பக்கம் கவனம்.

கோவை டாங்கி:

சென்னையில் தூசி ஒட்டுவது குறைவாக இருக்கலாம், ஆனால் அங்கே மழைக்காலத்தில் லேக்கர் வெளுத்துப்போகும். ஈரக்காற்றில் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பெயிண்ட்மேல் நீர் படிந்து பால் பூத்த மாதிரி ஆகிவிடும். அது சுத்தக் குறைவு என்று நினைத்துச் சிலர் மறுபடி மறுபடி கழுவுகிறார்கள். கழுவி அது போகாது, வறண்ட நாளுக்குக் காத்திருங்கள்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிற நாட்களில் கழுவினால் பாகங்கள் தெளிவாகக் காயும். போர்வெல் தண்ணீரில் கழுவினால் ஒவ்வொரு சொட்டு காய்ந்த இடத்திலும் வெள்ளை வட்டம் நிற்கும். அது உப்பு. கறுப்பு பிளாஸ்டிக்கில் பளிச்சென்று தெரியும், சாம்பலில் தெரியாது, ஆனால் அங்கேயும் இருக்கும். கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு செம்பு போதும்.

டாங்கி கட்டுபவர்களுக்கு: வினைல் டிராக் பட்டைகளையும் கழுவுங்கள், அதில் பெயிண்ட் பிடிப்பது ஏற்கெனவே கஷ்டம்.

குரோம் பம்பர்:

கார் கிட்களில் வரும் குரோம் பாகங்களில் பெயிண்ட் நிற்காது, ஒட்டும் பசையும் பிடிக்காது. பிளீச்சில் ஊறவைத்தால் குரோம் கரைந்துவிடும். கையுறை போடுங்கள், காற்றோட்டம் வேண்டும். பிளீச்சோடு டாய்லெட் கிளீனர் போன்ற அமிலம் எதையும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும், உயிருக்கே ஆபத்து. குரோமுக்கு அடியில் ஒரு வார்னிஷ் படலமும் இருக்கும், அது சில கிட்களில் பிளீச்சுக்கு அசையாமல் நிற்கும். அதைத் தனியாக எடுக்க வேண்டும்.

வால்பாறை மேகம்:

எல்லா இடமும் சுத்தமாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கார் பெயிண்ட் கடையில் உலோகத்தின்மேல் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள். தண்ணீர் முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இருக்கிறது, படலமாகப் பரவினால் சுத்தம் என்று சொல்வார்கள். நாமும் அப்படிப் பார்க்கலாமே?

ஏர்பிரஷ் வாத்தியார்:

உலோகத்துக்கு அருமையான சோதனை. பாலிஸ்டைரீனுக்கு நம்ப முடியாது. சுத்தமான பாலிஸ்டைரீனே தண்ணீரை அவ்வளவாக ஏற்காது, முத்தாகத்தான் நிற்கும். மாறாக, சோப்பு சரியாக அலசாமல் மிச்சம் இருந்தால் தண்ணீர் அழகாகப் பரவும். அழுக்காக இருப்பதைச் சுத்தம் என்று காட்டிவிடும்.

அதைவிட ஸ்ப்ரூ சட்டத்தை எடுங்கள். வெட்டிப்போட்ட சட்டமும் மாடலும் ஒரே பிளாஸ்டிக், ஒரே அச்சு. அதில் பிரைமர் அடித்து, காயவிட்டு, டேப் ஒட்டி உரித்துப் பாருங்கள். எந்தப் புத்தகமும் சொல்லாததை அது சொல்லிவிடும்.

புது இறக்கை:

சார் சொன்னபடி செய்தேன். ஸ்ப்ரூவில் தட்டையான பெயர்த்தகடு ஒன்று இருந்தது, அதை மூன்று பங்காகப் பிரித்துக்கொண்டேன். ஒரு பங்கு சோப்பும் ஐபிஏவும் போட்டது. ஒரு பங்கு பெட்டியில் இருந்தபடியே. மூன்றாவதில், கழுவிக் காயவைத்துவிட்டு, எண்ணெய் தேய்த்த தலையைக் கோதிய கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். வலெஹோ பிரைமரை ஏர்பிரஷில் மெல்லிய படலங்களாக அடித்து, ஒரு முழு நாளுக்கு மேல் விட்டுவிட்டு, மஞ்சள் டாமியா டேப் ஒட்டி உரித்தேன்.

கழுவிய பங்கு அசையவில்லை. கழுவாத பங்கும் ஓரத்தில் ஒரு சின்னச் செதிலைத் தவிர நின்றுவிட்டது. விரல் வைத்த இடத்தில் ரேகையின் வடிவத்திலேயே பிரைமர் டேப்போடு வந்துவிட்டது! ஃபோட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், நாளைக்கு ஏற்றுகிறேன்.

சிங்கை கன்பிளா:

இது அருமை. எனக்கே ஆர்வம் வந்து, என்னிடம் இருந்த ஸ்ப்ரூவில் மிஸ்டர் சர்ஃபேசர் அடித்து இதேபோல் விரல் வைத்துப் பார்த்தேன். எதுவும் வரவில்லை. ஆனால் வாத்தியார் சார் சொல்ல வருவது இப்போது தெளிவாகத் தெரிகிறது. ஸ்ப்ரூவைக் கழுவுவதா என்ற கேள்வியைவிட, கையை எங்கே வைக்கிறோம் என்பது பெரிய கேள்வி.

கன்பிளா நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சேர்த்துவிடுகிறேன். பேனல் லைனில் விட்ட மை வழிந்ததைத் துடைக்க எனாமல் தின்னரை எடுத்துக்கொண்டு பொருத்திய மூட்டுகளின் பக்கம் போகாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் பாகம், அதிலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் பாகம், தின்னர் இறங்கியதும் விரிசல் விடும். சுத்தம் செய்வதாக இருந்தால் பிரித்துவைத்துச் செய்யுங்கள்.

ரெசின் அக்கா:

விரல் ரேகை என்றதும் இன்னொன்று. கண்ணாடிப் பாகத்தின் உட்புறத்தில் விரல் பட்டிருந்து, பக்கத்தில் சூப்பர் க்ளூ போட்டால், அந்த ஆவி ரேகையின்மேல் வெள்ளையாகப் படியும். போலீஸ் தடயவியலில் ரேகை எடுப்பதற்கே இந்த வழியைப் பயன்படுத்துகிறார்கள். அதனால் கண்ணாடி மூடியை ஒட்டும் முன் உள்ளே வெளியே இரண்டு பக்கமும் சோப்பில் கழுவி, கிடுக்கியால் எடுத்து ஒட்டுங்கள், சூப்பர் க்ளூவைத் தவிருங்கள். புது இறக்கை, உங்களுடையது ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது, உள்ளே தெளிவாக இருந்தால் கவலை வேண்டாம்.

புது இறக்கை:

உள்ளே தெளிவாகத்தான் இருக்கிறது அக்கா. கடைசியாக இரண்டு கேள்வி. கண்ணாடிக்கு மாஸ்க் ஒட்டுவது சுத்தம் செய்வதற்கு முன்பா, பிறகா? பிரைமர் அடித்த பிறகு இணைப்புக் கோடு தெரிந்தால் மறுபடி உப்புத்தாள் போட வேண்டுமே, அப்போது மறுபடி இத்தனையும் செய்ய வேண்டுமா?

ஏர்பிரஷ் வாத்தியார்:

கண்ணாடியை முதலில் சோப்பு ஈரத்தால் துடைத்து, காயவைத்து, பிறகு மாஸ்க். எண்ணெய்க் கறைமேல் மாஸ்க் ஒட்டினால் ஓரம் தூக்கிக்கொண்டு அடியில் பெயிண்ட் புகும். ஓரங்களைப் பல்குச்சியால் அழுத்திவிடுங்கள். மாஸ்க் ஒட்டியதும் சட்டங்களின்மேல் முதலில் உட்புற கிரே கிரீன் அடித்துவிட்டால், கண்ணாடி வழியாக உள்ளே பார்க்கும்போது சட்டம் அந்த நிறத்தில் தெரியும். மாஸ்க் ஒட்டிய பிறகு அதன்மேல் தண்ணீரோ ஐபிஏவோ படக்கூடாது.

இரண்டாவது கேள்விக்கு, கோடு தெரிவது நிச்சயம், முதல் பிரைமரே அதற்காகத்தான். உப்புத்தாள் போட்ட இடத்தை மட்டும் ஈர டூத் பிரஷும் ஈரத் துணியும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். அங்கே ஐபிஏ வேண்டாம், வலெஹோ பிரைமரை அது இளக்கிவிடும். வலெஹோவை உப்புத்தாள் போடுவதற்கு முன் குறைந்தது ஒரு முழு நாள் காயவிடுங்கள், அவசரப்பட்டால் தூளாக வராமல் ரப்பர் மாதிரிச் சுருண்டு கிழியும். 1000 எண்ணுக்கு மேல் உள்ள உப்புத்தாள், தண்ணீர் தொட்டு, கையில் அழுத்தமே இல்லாமல். சேறு காயும் முன்பே துடைத்துவிடுங்கள், பேனல் லைனில் இறங்கிக் காய்ந்துவிட்டால் மறுபடி பல்குச்சிதான்.

புது இறக்கை:

குறித்துக்கொண்டேன் சார். ஞாயிற்றுக்கிழமை பிரைமர் அடிக்கிறேன். அடித்ததும் இறக்கை வேரின் ஃபோட்டோவை இங்கேயே போடுகிறேன், கோடு மிச்சம் இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள்.

கோவை டாங்கி:

போடும்போது பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் கோடு எங்களுக்கும் தெரியாது.